லீட்லெஸ் பேஸ்மேக்கர் இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ.: தேதி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

லீட்லெஸ் பேஸ்மேக்கர் (ஒயர் இல்லாமல் இதயத்துக்குள்ளேயே வைக்கும் பேஸ்மேக்கர்) வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று விசாரித்தால் இரண்டு விதமான பதில் வரும். "பேஸ்மேக்கர்னா எம்.ஆர்.ஐ. கிடையாதுங்க" என்று ஒரு ஸ்கேன் சென்டர் சொல்லும். "அது புது மாடல் சார், ஒண்ணும் ஆகாது, கூட்டிட்டு வாங்க" என்று இன்னொன்று சொல்லும். அம்மாவின் முதுகுத்தண்டு ஸ்கேனுக்காக அலைந்தபோது நாங்கள் இரண்டையும் கேட்டோம். இரண்டு இடத்திலும் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எடுக்கலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. அவற்றைச் சரிபார்க்க வைக்கும் வேலை நடைமுறையில் வீட்டு ஆள் தலையில்தான் விழுகிறது. இதய மருத்துவர் ஓர் இடத்தில் இருப்பார், ஸ்கேன் மெஷின் வேறு இடத்தில் இருக்கும், பேஸ்மேக்கரை செட் செய்கிற கம்பெனி டெக்னீஷியன் ஊருக்குள் எங்கேயோ இருப்பார். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே கட்டடத்தில் சேர்ப்பதுதான் மொத்தப் பாடும். நான் மருத்துவர் இல்லை. எடுக்கலாமா கூடாதா என்ற முடிவு உங்கள் மருத்துவருடையது. அந்த முடிவை வாங்கவும், வாங்கிய பிறகு காரியத்தை நடத்தவும் என்னென்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. பேஸ்மேக்கர் இருப்பதை எல்லோரிடமும் வாய் திறந்து சொல்லுங்கள்

சாதாரண பேஸ்மேக்கர் என்றால் தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் மேடாகத் தெரியும், தழும்பும் இருக்கும். பார்த்ததும் நர்ஸ் கேட்டுவிடுவார். லீட்லெஸ் அப்படி இல்லை. தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு, பெரும்பாலும் இதயத்தின் வலது கீழறைக்குள்ளேயே நேரடியாகப் பொருத்திவிடுகிறார்கள். ஒரு பெரிய கேப்ஸ்யூல் மாத்திரை அளவுதான். மார்பில் வெட்டும் இல்லை, மேடும் இல்லை.

அதனால் எலும்பு மருத்துவரோ நரம்பு மருத்துவரோ, அதைக் கவனிக்காமலேயே எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்துவிடுவார். பெரியவர்களும் "பேஸ்மேக்கர் இருக்கா?" என்றால், "ஒயர் எல்லாம் இல்ல, சின்னதா ஏதோ வெச்சாங்க" என்று இழுப்பார்கள். ஸ்கேன் சென்டர் படிவத்தில் பேஸ்மேக்கர் கட்டத்தில் கண்டிப்பாக "ஆம்" என்று டிக் செய்யுங்கள். அதை விட்டுவிட்டு ஸ்கேன் அறைக்குள் போவதுதான் இந்த விஷயத்தில் உள்ள மிகப் பெரிய ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமும் திரும்பப் போய், பேஸ்மேக்கர் இருக்கிறது, சி.டி. ஸ்கேனோ வேறு பரிசோதனையோ போதுமா என்று கேட்டுவிடுங்கள். சில நேரம் "அப்படின்னா சி.டி.யே போதும்" என்பார். கதை அங்கேயே முடிந்துவிடும்.

2. கம்பெனி, மாடல் எண், வைத்த தேதி

இப்போது பரவலாக இருப்பவை இரண்டு குடும்பங்கள்: மெட்ரானிக் கம்பெனியின் மைக்ரா, அபாட் கம்பெனியின் அவேர். மைக்ராவிலேயே வி.ஆர்., ஏ.வி. என்று வகைகள் உண்டு. அவேரில் கீழறைக்கு ஒன்று மட்டும் வைப்பதும் உண்டு, மேலறைக்கும் கீழறைக்கும் ஆளுக்கொன்றாக இரண்டு வைப்பதும் உண்டு. "மைக்ரா வெச்சிருக்கோம்" என்பது போதாது, மாடல் எண் வேண்டும். முதல் தலைமுறை மைக்ரா வி.ஆர். என்றால் எம்.சி.1.வி.ஆர்.01, முதல் தலைமுறை மைக்ரா ஏ.வி. என்றால் எம்.சி.1.ஏ.வி.ஆர்.1, அவேர் வி.ஆர். என்றால் எல்.எஸ்.பி.112.வி என்பது போல இருக்கும்.

இது மூன்று இடங்களில் கிடைக்கும். பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த அடையாள அட்டை முதலாவது. அடுத்தது டிஸ்சார்ஜ் சம்மரி. ஆனால் அதில் பல நேரம் "லீட்லெஸ் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது" என்று ஒரே வரியோடு விட்டிருப்பார்கள். மூன்றாவது, சாதனம் வந்த பெட்டியிலிருந்து உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டிய ஸ்டிக்கர். அட்டை தொலைந்திருந்தால், வைத்த மருத்துவமனையின் கேத்லேப்பில் (குழாய் விட்டு இதயச் சிகிச்சை செய்யும் பிரிவு) நோயாளி எண்ணைச் சொல்லி அந்த ஸ்டிக்கர் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் கேட்டால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டிவரலாம். அதனால் இதை முதல் நாளே தொடங்குங்கள்.

3. "கம்பாட்டிபிள்" என்று எழுதியிருந்தால் அதோடு நிறுத்தாதீர்கள்

எம்.ஆர்.ஐ. உலகத்தில் மூன்று அடையாளங்கள் உண்டு. பச்சைச் சதுரம் என்றால் எந்த எம்.ஆர்.ஐ. அறைக்கும் கொண்டுபோகலாம். சிவப்பு வட்டத்தில் கோடு போட்டிருந்தால் உள்ளே போகவே கூடாது. மஞ்சள் முக்கோணம் என்றால் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதி, இதை எம்.ஆர். கண்டிஷனல் என்கிறார்கள். மைக்ராவும் அவேர் வி.ஆரும் இந்த மஞ்சள் வகை. "எம்.ஆர்.ஐ. சேஃப்" என்று யாராவது சொன்னால் பேச்சுவாக்கில் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒயர் வைத்த பேஸ்மேக்கரில் மருத்துவர்களின் முக்கியமான பயம், அந்த நீண்ட ஒயர் ரேடியோ அலையை ஏரியல் மாதிரி இழுத்து, இதயச் சுவரைத் தொடும் நுனியில் சூடாக்கிவிடுமோ என்பது. லீட்லெஸ்ஸில் அந்த ஒயரே இல்லை. மைக்ராவின் நீளம் 26 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை சுமார் 2 கிராம். அதனால் அந்தப் பயம் வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் உள்ளே பேட்டரியும் மின்சுற்றும் இருக்கின்றன. மெஷினின் மின்காந்த இரைச்சலை இதயத்துடிப்பு என்று எண்ணி, துடிப்புக் கொடுப்பதைச் சாதனம் நிறுத்திவிடலாம். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் அதைத் தனி நிலைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது.

மாடலுக்கு மாடல் நிபந்தனை மாறும். பொதுவாகக் கேட்பவை இவை:

– மெஷினின் காந்த பலம் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லாவாக இருக்க வேண்டும்.
– சாதனத்தின் பேட்டரி ஆயுள் முடிந்திருக்கக் கூடாது.
– துடிப்பைத் தூண்டத் தேவைப்படும் மின்னழுத்தம், அதாவது திரெஷோல்ட், அந்த மாடலுக்குச் சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும்.
– உடம்பில் வேறு பேஸ்மேக்கரோ, விட்டுப்போன பழைய ஒயரோ இருக்கக் கூடாது.
– ஸ்கேனுக்கு முன் எம்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்றி, முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும்.

இதில் முதலாவதிலும் நான்காவதிலும்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது: சில ஊர்களில் "ஓப்பன் எம்.ஆர்.ஐ." இருக்கும், காந்த பலம் 0.3, 0.4 டெஸ்லா மாதிரி. பலம் குறைவு என்றால் பேஸ்மேக்கருக்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். எங்களுக்கும் அப்படிச் சொல்லி ஒருவர் அழைத்தார். நிபந்தனைப் பட்டியலில் சோதித்து எழுதியிருப்பது 1.5-ம் 3-ம் தான். பட்டியலில் இல்லாத மெஷின் என்றால் அது நிபந்தனைக்கு வெளியே, அவ்வளவுதான். வீட்டுக்குப் பக்கம், விலை குறைவு, மூச்சு முட்டாது என்பதற்காக அங்கே போகாதீர்கள்.

நான்காவது: லீட்லெஸ் வைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முன்பு ஒயர் பேஸ்மேக்கர் இருந்து, அதில் தொற்றோ கோளாறோ வந்த பிறகுதான் இதற்கு மாற்றியிருப்பார்கள். பெட்டியை எடுத்துவிட்டு ஒயரை உள்ளேயே விட்டிருந்தால், புதுச் சாதனம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் நிபந்தனை உடைந்துவிடும். அதன் பிறகு எடுப்பதா வேண்டாமா என்பதைப் பெரிய மருத்துவமனையில் ஆபத்தையும் பயனையும் எடைபோட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஒரு மார்பு எக்ஸ்-ரே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். முன்பு வேறு பேஸ்மேக்கர் இருந்திருந்தால் எக்ஸ்-ரேயைக் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய லீட்லெஸ்ஸை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே புதிது வைத்திருந்தாலும் அதைத் தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

4. இதய மருத்துவரிடம் வாங்க வேண்டியது

"எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்" என்று ஒற்றை வரிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தால் ஸ்கேன் சென்டரில் மறுபடி கேள்வி வரும். கடிதத்தில் இவை இருக்கட்டும்: சாதனத்தின் கம்பெனி, மாடல் எண், சீரியல் எண், வைத்த தேதி; நோயாளி பேஸ்மேக்கரையே முழுக்க நம்பியிருக்கிறாரா இல்லையா; ஸ்கேன் நேரத்தில் எந்த நிலையில் வைக்க வேண்டும்; எந்த உடல் பகுதி ஸ்கேன்.

நம்பியிருக்கிறாரா என்ற கேள்வி முக்கியம். சொந்தத் துடிப்பு போதுமான அளவு இல்லாதவருக்கு, வெளியே என்ன நடந்தாலும் கண்டுகொள்ளாமல் ஒரே வேகத்தில் துடிப்புக் கொடுக்கிற நிலையில் வைப்பார்கள். காகிதத்தில் வி.ஓ.ஓ. என்று இருக்கும். சொந்தத் துடிப்பு நன்றாக இருப்பவருக்கு அந்த நேரம் மட்டும் துடிப்புக் கொடுப்பதை நிறுத்தியே வைக்கலாம், அது ஓ.வி.ஓ. இதை மருத்துவர்தான் எழுத வேண்டும். ஸ்கேன் அன்று காலையில் டெக்னீஷியனிடம் "எப்படியோ ஒண்ணு வைங்க சார்" என்று விடக் கூடாது.

கடிதம் வாங்கும் அன்றைக்கே பேஸ்மேக்கர் செக்-அப் ஒன்றும் செய்துவிட்டால் நல்லது. திரெஷோல்ட், பேட்டரி எல்லாம் அதில் வந்துவிடும். பிரின்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். அது வெப்பத்தாள் என்றால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். உடனே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

5. டெக்னீஷியன் நாள் கொடுத்த பிறகுதான் ஸ்கேன் நாள்

எல்லோரும் தலைகீழாகச் செய்கிற இடம் இது. ஸ்கேனுக்கு முன்பணம் கட்டி, நேரம் வாங்கி, பெரியவரைச் சாப்பிடாமல் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகு, பேஸ்மேக்கரை செட் செய்கிற புரோகிராமர் கருவியைக் கொண்டுவர வேண்டியவர் வேறு மருத்துவமனையில் ஆபரேஷனில் இருக்கிறார் என்று தெரியவரும்.

பேஸ்மேக்கரை எம்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்ற அந்தந்தக் கம்பெனியின் புரோகிராமர் வேண்டும். மெட்ரானிக் சாதனத்தை அபாட் கருவி படிக்காது, அபாட் சாதனத்தை மெட்ரானிக் கருவியும் படிக்காது. மைக்ராவுக்கு மார்பின் மேல் ஒரு தலைப்பகுதியை வைத்துப் பேசவைப்பார்கள். அவேருக்கு இ.சி.ஜி. மாதிரி மார்பில் பட்டைகள் ஒட்டி, லிங்க் மாட்யூல் என்ற தனிப் பெட்டி வழியாகத்தான் பேச முடியும். "எங்ககிட்ட அபாட் புரோகிராமர் இருக்கு" என்று ஒரு மருத்துவமனை சொன்னால், "அவேருக்கான லிங்க் மாட்யூலும் இருக்கா?" என்று சேர்த்தே கேளுங்கள்.

"காந்தம் வெச்சா போதும்" என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒயர் பேஸ்மேக்கர்களை மேலே காந்தம் வைத்து நிலையான துடிப்புக்கு மாற்றுகிற பழக்கம் உண்டு. மைக்ராவுக்குள் காந்தத்தை உணரும் பகுதியே கிடையாது. எம்.ஆர்.ஐ. நிலைக்குக் காந்தம் எந்தச் சாதனத்திலும் ஈடாகாது.

டெக்னீஷியனை நாமே தேடிப் பிடிப்பதைவிட, சாதனம் வைத்த மருத்துவரின் கேத்லேப் மூலமாகக் கேட்பது சீக்கிரம் நடக்கும். வாரநாளில் காலை நேரம் கேளுங்கள். ஞாயிறு, பண்டிகை நாள், இரவு நேரம் எல்லாம் கஷ்டம். நாள் முடிவானதும் ஸ்கேன் சென்டருக்கு போன். நாங்கள் கடைசியில் கேட்டுப் பழகிய வரிசை இதுதான்:

"சார், பேஷன்ட்டுக்கு லீட்லெஸ் பேஸ்மேக்கர் இருக்கு, எம்.ஆர். கண்டிஷனல். உங்க மெஷின் எத்தனை டெஸ்லா? ஸ்கேன் நேரத்துல இ.சி.ஜி.யோ பல்ஸ் ஆக்சிமீட்டரோ போட்டுப் பார்ப்பீங்களா? டிஃபிப்ரிலேட்டரும் அவசரத்துக்கு டாக்டரும் இருப்பாங்களா? ரேடியாலஜிஸ்ட் டாக்டர்கிட்ட கேட்டு உறுதியா சொல்ல முடியுமா?"

டிஃபிப்ரிலேட்டர் என்பது அவசரத்தில் இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி. கடைசிக் கேள்வி அவசியம். ரிசப்ஷனில் சொல்கிற "சரி"யை நம்பிப் போனால், உள்ளே ரேடியோகிராஃபர் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் செய்வதும் நியாயம்தான். பெயரோடு ஒரு வாட்ஸ்அப் பதில் வாங்கி வைத்துக்கொண்டால் வாக்குவாதம் வராது. என் அபிப்பிராயம், இதயப் பிரிவும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனையிலேயே எடுத்துவிடுங்கள். தனி ஸ்கேன் சென்டரைவிடக் கட்டணம் கூடலாம். ஆனால் ஏதாவது என்றால் ஒரு மாடி இறங்கினால் இதய மருத்துவர் இருப்பார்.

6. செலவும் இன்சூரன்ஸும்

ஸ்கேன் கட்டணம் ஊருக்கு ஊர், உடல் பகுதிக்குப் பகுதி மாறும். அது எப்படியும் தெரிந்துவிடும். தெரியாமல் வருவது மற்றவை: பேஸ்மேக்கர் செக்-அப் கட்டணம் (முன்னும் பின்னும் என்று இரண்டு தடவை போடலாம்), இதய மருத்துவர் கூட இருப்பதற்கான கட்டணம், கண்காணிப்புக் கட்டணம், படம் தெளிவாகத் தெரிய ஊசியில் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து, அதற்கு முன் சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. கம்பெனி டெக்னீஷியன் வருவதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா என்பதையும் முன்பே கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே எஸ்டிமேட்டாக எழுதி வாங்குங்கள்.

கான்ட்ராஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கை ரத்தக் குழாய்களைக் காப்பாற்றவே லீட்லெஸ் வைப்பது உண்டு. அவர்களுக்குக் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைக் கொடுப்பதா, எந்த வகையைக் கொடுப்பது என்பதைச் சிறுநீரக மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பேஸ்மேக்கர் கவலையிலேயே இருந்துவிட்டு இதை மறந்துவிடாதீர்கள்.

இன்சூரன்ஸில் ஒரு பொறி இருக்கிறது. "ஒரு நாள் அட்மிட் பண்ணிடுங்க, கிளெய்ம்ல போட்டுடலாம்" என்று ஆலோசனை வரும். பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்ப்பதை விலக்கு என்று மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் பொதுவிதியாகவே எழுதியிருக்கிறார்கள். எக்ஸ்க்ளூஷன் 04 என்ற குறியீட்டோடு இருக்கும். ஸ்கேனுக்காக மட்டும் சேர்ந்தால் கிளெய்ம் திரும்பி வர வாய்ப்பு அதிகம், படுக்கைக் கட்டணமும் சேர்ந்து கையைக் கடிக்கும். அதே நோய்க்காக அடுத்து ஆபரேஷனோ சிகிச்சையோ நடந்தால், சேர்வதற்கு முந்தைய நாட்களின் பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் ஏற்றுக்கொள்ளும். எத்தனை நாள் என்று உங்கள் பாலிசியில் பாருங்கள். ஸ்கேன் பில், மருத்துவர் சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் அசலாக வைத்திருங்கள்.

7. ஸ்கேன் அன்று

கோப்பில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டையும் அதன் நகலும், டிஸ்சார்ஜ் சம்மரி, இதய மருத்துவர் கடிதம், எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்த சீட்டு, கடைசி செக்-அப் பிரின்ட் அவுட், மார்பு எக்ஸ்-ரே, கிரியாட்டினின். ஸ்டென்ட், செயற்கை வால்வு, மூளையில் கிளிப், காதுக்குள் கருவி என்று வேறு எது இருந்தாலும் அதற்கான காகிதமும் வேண்டும்.

அரைநாளை ஒதுக்கிவிடுங்கள். ஸ்கேன் அரைமணி, முக்கால்மணி என்றாலும் முன்னும் பின்னும் வேலை இருக்கிறது. முதலில் வெளி அறையில் டெக்னீஷியன் சாதனத்தைப் படிப்பார். அம்மாவுக்குச் செய்தபோது மார்பில் தலைப்பகுதியை வைத்துக் கொஞ்சம் நகர்த்தினார், திரையில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. திரெஷோல்ட் பார்க்கும்போது, "அம்மா, ஒரு நிமிஷம் கொஞ்சம் படபடன்னு இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செய்தார். பிறகு வி.ஓ.ஓ., நிமிடத்துக்கு 80 என்று வைத்தார். சும்மா படுத்திருக்கையில் இயல்பாக அதைவிடக் குறைவாகத் துடிக்கிறவருக்கு இது கொஞ்சம் வேகமாகத் தெரியும். இதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் உள்ளே போய்ப் பதற மாட்டார்கள்.

புரோகிராமரை ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, வெளியேதான் இருக்கும். டிஃபிப்ரிலேட்டரும் அப்படியே. உள்ளே ஏதாவது ஆனால் நோயாளியை வெளியே எடுத்து வந்துதான் சிகிச்சை. கையில் ஒரு ரப்பர் பல்ப் கொடுப்பார்கள். தலைசுற்றல், மார்பில் வலி, சூடு, மூச்சுத் திணறல் எது என்றாலும் உடனே அழுத்தச் சொல்லுங்கள். "பாதியில நிறுத்தினா திட்டுவாங்களோ" என்று பொறுத்துக்கொள்கிற தலைமுறை இது. அதனால் இரண்டு தடவை சொல்லுங்கள்.

இதயத்தையே ஸ்கேன் செய்கிறார்கள் என்றால் சாதனம் இருக்கும் இடத்தில் படம் கொஞ்சம் கறுத்து மறைக்கும். மூளை, முதுகு, முழங்காலுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

8. டெக்னீஷியனைப் போக விடாதீர்கள்

ஸ்கேன் முடிந்ததும் சாதனத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். தானாகவே மாறிவிடும் என்று நம்பி வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். திருப்பாமல் விட்டால் என்ன ஆகும்? வி.ஓ.ஓ.வில் இருப்பவருக்குச் சொந்தத் துடிப்போடு மோதிக்கொண்டு துடிப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓ.வி.ஓ.வில் இருப்பவருக்குத் தேவைப்படும்போது துடிப்பே வராது. சில நேரம் டெக்னீஷியன், "ஸ்கேன் முடிய லேட்டாகும், ஒரு கேஸ் பார்த்துட்டு வந்துடறேன்" என்பார். அவர் திரும்பி வரும்வரை நோயாளி இ.சி.ஜி. கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும், வராந்தா நாற்காலியில் அல்ல.

திருப்பிய பிறகு மறுபடி ஒரு முறை படித்து, காலையில் எடுத்த எண்களோடு ஒப்பிடுவார்கள். இரண்டு பிரின்ட் அவுட்டும் கேளுங்கள். முன்பு என்ன மோட், என்ன வேகம் இருந்ததோ அதுவே பின்னாலும் இருக்கிறதா என்று நீங்களும் ஒரு தடவை பாருங்கள். முதல் பக்கத்தின் மேலேயே இருக்கும். மைக்ரா ஏ.வி. போல மேலறையோடு ஒத்துத் துடிக்கிற சாதனம் என்றால், அந்த ஏற்பாடும் திரும்ப வந்துவிட்டதா என்று கேளுங்கள். இரண்டு சாதனம் வைத்த அவேர் என்றால் இரண்டுக்கும் பிரின்ட் அவுட் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு தலைசுற்றல், மயக்கம், வழக்கத்துக்கு மாறான களைப்பு, படபடப்பு இருந்தால் ஸ்கேன் சென்டருக்கு போன் செய்து நேரத்தை வீணாக்காமல் இதய மருத்துவமனைக்குப் போங்கள், எம்.ஆர்.ஐ. எடுத்தோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

9. அவசரம் என்று வந்தால்

பக்கவாத அறிகுறி, விபத்து மாதிரி நேரத்தில் இவ்வளவும் செய்ய முடியாது. அப்போது பெரும்பாலும் முதலில் சி.டி.தான் எடுப்பார்கள், அதற்கு இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால், பேஸ்மேக்கர் இருப்பதை மார்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் பயம். அதனால் அடையாள அட்டையைப் படம் எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்திருங்கள். நோயாளி போனின் லாக் ஸ்கிரீனில், "இதயத்துக்குள் லீட்லெஸ் பேஸ்மேக்கர் உள்ளது, எம்.ஆர்.ஐ.க்கு முன் கேட்கவும்" என்று எழுதி, மாடல் எண்ணையும் சாதனம் வைத்த மருத்துவமனையின் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். பர்ஸில் அட்டை வைக்கிற பழக்கம் இல்லாத பெண்களுக்கு மருந்துப் பையிலும் ஒரு நகல் இருக்கட்டும்.